உமரி எப்போது பூக்கும்?

சித்திரை வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில், மரக்காணம் உப்பளத்தின் நடு வரப்பில் நின்றுகொண்டு லூர்து மேரியிடம் சண்டை போட்டேன். நினைத்தால் இப்போதும் வெட்கத்தில் காது சூடாகிறது.

"உண்மையச் சொல்லுங்கக்கா. போன வருஷம் நீங்க பறிச்சுக் குடுத்தது உமரிதானா? இல்ல, கையில கெடச்சத எல்லாம் சேத்துக் கட்டிட்டீங்களா?"

லூர்து பாத்திக்குள் கணுக்கால் தண்ணீரில் நின்று உப்பை வாரிக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த கம்பைச் சேற்றில் ஊன்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாது? உமரி எதுன்னு எனக்குத் தெரியாதுன்றியா? பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடியே அதத் தின்னவ நான்."

"அப்ப ஏங்க்கா அது ஒண்ணு மட்டும் வேலை செய்யுது, மத்தது எதுவும் வேலை செய்யல?"

"அது இன்னா செல்போனா, வேலை செய்யறதுக்கு?"

பக்கத்துப் பாத்தியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. லூர்து பறித்த செடியில் இருந்த ஏதோ ஒன்று நான் பறித்த செடியில் இல்லை. ஏன் இல்லை என்று இரண்டு மாதத்துக்குள் கண்டுபிடிக்காவிட்டால் என் மூன்று வருஷ ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிடச் சொல்லியிருந்தார்கள்.

சண்டை வரப்பிலேயே இருக்கட்டும். கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். இந்தத் தொடரில் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி இரண்டு வாரம் இழுத்ததில் பொறுமை போன ஒரு வாசகர், "எப்போதுதான் ஆராய்ச்சிக்கு வருவீர்கள்?" என்று எழுதியிருந்தார். இதோ வந்துவிட்டேன் ஐயா.

உப்பில் வாழும் செடி

நான் வந்தவாசிப் பக்கத்துக்காரி. அப்பாவுக்கு நெல்லும் மல்லாட்டையும்தான் உலகம்; வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். உப்பு என்றால் எனக்குக் கடையில் வாங்கும் பாக்கெட். அது எங்கே, எப்படி விளைகிறது என்று நான் யோசித்ததே கிடையாது. வேதியியல் படித்து, புதுச்சேரிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகுதான் கடற்கரைப் பக்கமே வந்தேன்.

என் ஆராய்ச்சி வழிகாட்டி ஒரு மேடம். பேரைப் பத்திரிகையில் போட்டால் கோபித்துக்கொள்வார். அதனால் இங்கேயும் மேடம்தான். அதே லேபில் எனக்கு இரண்டு வருஷம் சீனியர் நசீர், கூனிமேட்டுக்காரன். ஒரு நாள் அவன் டிபன் பாக்ஸில் இறால் போட்டுச் செய்த ஒரு கீரை இருந்தது. பிடுங்கித் தின்றேன். இதுவரை தின்ற எந்தக் கீரை மாதிரியும் இல்லை. பல்லில் நறுக் நறுக்கென்று கடிபட்டது, உப்பு அதிலேயே ஊறியிருந்தது.

"எங்க அம்மி செஞ்சது. உமரிக்கீரை. ரெண்டு தடவை வேக வச்சுத் தண்ணிய இறுத்துட்டாங்க, அப்பவும் உப்பு போகல பாரு," என்றான். அம்மாவைத்தான் அம்மி என்பான்.

அந்த வாரமே அவனுடன் பஸ் ஏறினேன். பொம்மையார்பாளையம் தாண்டி, கூனிமேடு தாண்டி, மரக்காணம் நெருங்கும்போது ஜன்னல் வழியே காட்டினான். உப்புப் பாத்திகளின் கரை நெடுகக் கணுக்கால் உயரத்துக்குப் பச்சையாக மண்டிக் கிடந்தது. வேறு ஒரு புல்லும் இல்லாத மண். இது மட்டும் கொழுகொழுவென்று நிற்கிறது!

எனக்கு அப்போதே பரபரப்பு ஒட்டிக்கொண்டது. எங்கள் நிலத்தில் கொஞ்சம் உவர் ஏறினாலே மல்லாட்டை மஞ்சளித்துப்போகும். இந்தச் செடியோ உப்புக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. அப்படியானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உள்ளே எதையோ தயாரித்துக்கொண்டுதானே இருக்க வேண்டும்? என்ன அது? நமக்கு உதவுமா?

இதை மேடத்திடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் ஒரே வரியில் முடித்தார்: "ஓட முடியாத உயிருக்கு கெமிஸ்ட்ரிதான் கை கால். பண்ணு."

இப்படித்தான் உமரியில் உள்ள ரசாயனப் பொருள்களும் அவற்றின் மருத்துவக் குணமும் என் ஆராய்ச்சித் தலைப்பாயின.

லூர்து அக்காவைப் பார்த்தது அடுத்த முறை போனபோது. பக்கத்துக் குப்பத்துக்காரர், அந்த அளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். பாத்தியை விட்டு ஏறியவர் உமரியைக் கிள்ளிக் கசக்கிக் குதிகால் வெடிப்பில் வைத்து அழுத்தினார். நான் நோட்டைத் திறந்துகொண்டு ஓடினேன்.

"அது மருந்தாக்கா?"

"மருந்துமில்ல, மண்ணுமில்ல. சில்லுனு இருக்குது. அவ்ளோதான்."

அந்தப் பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. கேட்கிறவள் மனசு குளிர எதையாவது சொல்லிவிடுகிறவர்களால் ஆராய்ச்சி கெட்டுப்போகும். லூர்து அந்த ரகமில்லை.

அது மார்கழிக் கடைசி. மழைத் தண்ணீர் பாத்திகளில் இன்னும் நின்றது. ஒரு செடியில் உள்ள சரக்கு அதன் பருவத்துக்குத் தக்கபடி மாறும். அதனால் பூக்கும் பருவத்தில் பறிப்பது எங்கள் வழக்கம். உமரியில் அப்போது மொட்டு வைக்கத் தொடங்கியிருந்தது. எனக்கோ அடுத்த வாரம் பரீட்சை. திரும்பி வர முடியாது. போகும் அவசரத்தில் லூர்துவிடம் சொன்னேன்:

"அக்கா, பூத்ததும் உமரியப் பறிச்சு, நெழல்ல காய வச்சு, பேப்பர்ல சுத்தி வச்சிடுங்க. நான் வந்து வாங்கிக்கறேன்."

"எந்தப் பாத்தியில?" என்றார்.

"உங்க பாத்திக் கரையிலயே போதும்."

"சரி, பூத்ததும் பறிக்கறேன்," என்றார்.

பரீட்சை முடிந்ததும் டெங்கு வந்து படுத்தேன். உடம்பு தேறி, அது இது என்று தள்ளிப்போய், ஆடி மாதம்தான் மறுபடி மரக்காணம் போனேன். லூர்து ஒரு பெரிய பொட்டலத்தைக் கொடுத்தார். பேப்பரைப் பிரித்து எறிந்துவிட்டுச் செடியை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் பிடித்தேன். அந்தப் பேப்பரில் இருந்த தேதியை ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி இல்லாமல் போயிருக்கும்.

முதல் வட்டம்

காய்ந்த செடியை மிக்ஸியில் அரைத்தேன். பொடி செங்கல் நிறத்தில் வந்தது. நிழலில் காய வைக்கச் சொன்னதை வெயிலில் போட்டுவிட்டார் போலிருக்கிறது என்று லூர்துவை மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

பொடியை மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, மெத்தனாலை ஆவியாக்கினால் அடியில் பாகு மாதிரி ஒன்று மிஞ்சும். அதில் நூறு விதப் பொருள்கள் கலந்து கிடக்கும். அவற்றைப் பிரிக்கக் கண்ணாடிக் குழாயில் வெள்ளைத் தூளை நிரப்பி, மேலே பாகை வைத்து, மெல்ல மெல்லத் திரவத்தை ஊற்றுவோம். மஞ்சள், பச்சை, பழுப்பு என்று பட்டை பட்டையாகப் பிரிந்து இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன். நசீர் டீ குடிக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போவான்.

அப்படி இறங்கியதில் ஒரு பகுதி, யூவி விளக்கின் கீழே பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தது. அழகாக இருக்கிறதே என்று அதை முதலில் சோதனைக்கு எடுத்தேன். அதற்கு வேறு எந்த விஞ்ஞானக் காரணமும் கிடையாது.

புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் கிருமி ஒன்றைக் கண்ணாடித் தட்டில் பரப்பி வளர்ப்போம். நடுவே, மருந்தில் நனைத்த சின்னக் காகிதப் பொட்டு. மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி வளர்ந்து மங்கலாகி இருக்கும். பொட்டைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம் விழுந்திருந்தால், அங்கே கிருமி வளர முடியவில்லை என்று அர்த்தம்.

காலையில் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். வட்டம். கண்ணாடி மாதிரித் தெளிவாக, அழுத்தமாக, ஒரு வட்டம்!

தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வராந்தாவில் ஓடினேன். லேபில் ஓடக்கூடாது, அதுவும் கிருமித் தட்டோடு ஓடவே கூடாது. ஓடினேன். நசீர் பார்த்துவிட்டு "மாஷா அல்லா!" என்று கத்தினான். இருவருமாக மேடம் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தோம்.

மேடம் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உப்புச் செடி. உப்பே கொன்னிருக்கலாமே?"

அதற்கும் பதில் வைத்திருந்தேன். இன்னொரு பொட்டில் வெறும் உப்புக் கரைசல் வைத்திருந்தேன். அதைச் சுற்றிக் கிருமி ஜம்மென்று வளர்ந்திருந்தது. அந்தக் கிருமி உப்புக்கெல்லாம் அசராது.

மேடம் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உடனே மறைந்தது. "ஒரு தடவை வந்தா அது சேதி. மறுபடி மறுபடி வந்தாத்தான் ரிசல்ட். புதுசாப் பறிச்சிட்டு வா."

வராத வட்டம்

லூர்து கொடுத்தது அத்தோடு தீர்ந்துவிட்டது. அடுத்த தை மாதம் வரை காத்திருந்து, இந்த முறை யாரையும் நம்பாமல் நானே போனேன். கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி. உமரிப் பூ வெறும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. இலைக்கும் தண்டுக்கும் இடையில் கடுகைவிடச் சின்னதாக, இதழ்கூட இல்லாமல், பச்சையாக உட்கார்ந்திருக்கும். வரப்பில் மண்டியிட்டு, ஒவ்வொரு கிளையாகப் பார்த்து, பூத்ததை மட்டும் பறித்தேன். போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

அரைத்தேன். ஊறவைத்தேன். பிரித்தேன். நீல ஒளியைக் காணோம். வட்டமும் விழவில்லை.

மறுபடி செய்தேன். விழவில்லை. எக்கியார்குப்பம் பக்கமிருந்து பறித்து வந்து செய்தேன். நசீர் ஊர்ப் பக்கத்திலிருந்தும் கொண்டுவந்து கொடுத்தான். எத்தனை தட்டு போட்டாலும் அத்தனையிலும் கிருமிகள் பொட்டின் தலைமேல் ஏறி வளர்ந்தன.

பங்குனி போயிற்று. மேடம் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"மொத தடவை வட்டம் வந்தப்ப பாட்டில எல்லாம் ஒழுங்காக் கழுவியிருந்தியா? பக்கத்து டேபிள்ல ஆன்டிபயாடிக் வச்சு வேலை பண்ணிட்டிருந்தாங்களே. அது பட்டிருக்குமா?"

"இல்ல மேடம்."

"ஆனி மாசம் கமிட்டி உட்காருது. வராத ஒரு ரிசல்ட்ட வச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நிக்க முடியாது. அதுக்குள்ள வரலைன்னா தலைப்ப மாத்திடலாம். மஞ்சள் எடுத்துக்கோ. சேஃப்."

மஞ்சளா! உலகமே அரைத்து முடித்துவிட்ட மஞ்சளை நான் எடுத்து என்ன அரைக்கப்போகிறேன்? உதவித்தொகை முடிய ஒரு வருஷம்தான் பாக்கி. முதலிலிருந்து தொடங்கினால் பட்டம் வாங்காமலேயே ஊருக்குப் போக வேண்டியதுதான். அதைக் காட்டிலும், நான் தில்லுமுல்லு செய்தேனோ என்று மேடம் மனசில் ஓர் ஓரமாவது நினைத்திருப்பாரே, அதுதான் தாங்க முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் அது யார்மேல் பாயும் என்று எனக்கே தெரியாது. இந்த முறை லூர்துமேல் பாய்ந்தது. அவர்தான் வேறு ஏதோ செடியைக் கலந்து கொடுத்து என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். மறுநாள் முதல் பஸ்ஸில் மரக்காணம் போய் இறங்கினேன்.

பூத்தது எது?

ஆக, மறுபடி வரப்புக்கு வந்துவிட்டோம். பெண்கள் சிரித்து ஓய்ந்திருந்தார்கள். லூர்து கரையேறி என் எதிரே வந்து நின்றார்.

"உமரி மட்டுந்தான் பறிச்சேன். மாதா மேல சத்தியமா. கோயிலுக்குப் பின்னாடி வேப்பமரத்து நெழல்லதான் காய வச்சேன். நீ சொன்னது ஒண்ணுகூட வுடல."

"பின்ன எப்படிக்கா? அதே தை மாசம், அதே கரை..."

"தை மாசமா? தையில யாரு பறிச்சா?"

"நீங்கதான்."

"நல்லா இருக்குதே கத! தையில இங்க இன்னா இருக்கும்? மழத்தண்ணிய வடிச்சு, பாத்திய மிதிச்சுக்கினு இருப்போம். பூத்ததும் பறின்னு சொல்லிட்டுப் போன. பூத்ததும் பறிச்சேன். இதே சித்திரையில."

"சித்திரையில உமரி பூக்காதுக்கா."

லூர்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். படித்த பெண்ணுக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற பரிதாபம் அந்தப் பார்வையில் இருந்தது.

"உமரிக்கு ஏது பூவு? உப்புதான் பூக்கும். தோ, பூத்துக் கெடக்குது பாரு."

கையை நீட்டிப் பாத்தியைக் காட்டினார். தண்ணீர் சுண்டிப்போய், மேலே மெல்லிய வெள்ளை ஆடை படர்ந்திருந்தது. காற்று அடிக்கும்போது அது ஓரமாக நகர்ந்து, சின்னச் சின்னப் பொருக்காகச் சேர்ந்தது. உப்பு பூக்கிறது. ஆமாம், அப்படித்தான் சொல்வார்கள். அங்கே வேலை செய்கிற அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்கிறார்கள். மல்லாட்டைக் கொல்லையில் வளர்ந்த எனக்குப் பூத்தது என்றால் செடி. லூர்துவுக்குப் பூத்தது என்றால் பாத்தி. "எந்தப் பாத்தியில?" என்று அவர் கேட்டபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

பிறகுதான் குனிந்து காலடியில் பார்த்தேன்.

கரை நெடுக உமரி சிவந்து கிடந்தது. சண்டை போடும் வேகத்தில் அதன்மேலேயே நடந்து வந்திருக்கிறேன், பார்க்கவில்லை. தையில் பச்சைப் பசேலென்று பார்த்த அதே செடி, இப்போது பீட்ரூட் நிறத்தில். செங்கல் நிறப் பொடி ஞாபகம் வந்தது. அது வெயிலில் காய்ந்த நிறமில்லையே! செடியே அந்த நிறத்தில்தான் இருந்திருக்கிறது!

எல்லாம் ஒரே நொடியில் அடுக்கிக்கொண்டது. மழைக்காலத்தில் மண்ணில் உப்பு கரைந்து குறைந்திருக்கும். செடி சொகுசாக வளர்ந்து, ஊர் அறியாமல் பூத்து முடிக்கும். உப்பு பூக்கும் சித்திரையில் தண்ணீரும் இல்லை, மண்ணெல்லாம் உப்பு. உமரிக்கு உயிர் பிழைப்பதே பாடு. அப்போதுதான் அது தன்னிடம் உள்ள சரக்கையெல்லாம் இறக்குகிறது. நான் சொகுசுக் காலத்துச் செடியை வைத்துக்கொண்டு நீல ஒளியைத் தேடியிருக்கிறேன்.

"அக்கா!" என்று கத்திக்கொண்டு லூர்துவைக் கட்டிக்கொண்டேன். அவர் உடம்பெல்லாம் உப்புத் தண்ணீர்.

"ஏய், வுடு வுடு! இப்பதான் திட்டின, இப்ப கட்டிக்கற. இன்னா ஆச்சு உனக்கு? வெயிலு ஏறிப்போச்சா?"

மன்னிப்புக் கேட்டேன். நன்றாகவே கேட்டேன், பக்கத்துப் பாத்திக்கும் கேட்கிற மாதிரி. பிறகு போனை எடுத்துத் தையில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினேன். லூர்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வெயிலுக்கு மறைவாகப் பிடித்துப் பார்த்தார்.

"இதுவா பூவு? எறும்புக்குக் கம்மல் பண்ணிப் போட்ட மாதிரி இருக்குது!" என்றவர், மற்றவர்களையும் கூப்பிட்டார். "ஏய், வாங்கடி! உமரி பூத்திருக்குதாம்!"

அன்று இரண்டு பை நிறையப் பறித்தோம். ஒன்று, பாத்திக் கரையில் இருந்த சிவப்பு உமரி. இன்னொன்றுக்கு லூர்துதான் வழி காட்டினார். குளத்து நல்ல தண்ணீர் கசிகிற ஓர் இடத்தில், அதே சித்திரையிலும் உமரி கொஞ்சம் பச்சையாக நின்றது. மாதம் ஒன்று, உப்பு மட்டும் வேறு. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும்?

பையில் ஒரு சீட்டு

திரும்பி வரும் பஸ்ஸில் சந்தோஷத்துக்கு நடுவே ஒன்று குத்தியது. என் ஆராய்ச்சி நோட்டில், லூர்துவின் பொட்டலத்துக்கு நேராக, "தை மாதம், பூக்கும் பருவம்" என்று என் கையால் எழுதியிருந்தேன். லூர்து அப்படிச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்காததை எழுதிவைத்துவிட்டு, கேட்டதைச் செய்தவரோடு சண்டைக்குப் போயிருக்கிறேன்.

மறைத்துவிடலாம் என்று தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன். இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு நன்றாகவே தோன்றியது.

மறுநாள் மேடத்திடம் நோட்டைத் திறந்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"கிழிச்சிடாத. ஒரே ஒரு கோடு போட்டு அடி. அடிச்சது படிக்கத் தெரியணும். பக்கத்துல சரியானத எழுதி, கையெழுத்துப் போடு."

போட்டேன். அந்தப் பக்கத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார்.

"இனிமே நீ தொட்டதை நீயே பார்த்துச் சொல்ற கதை வேணாம்," என்றார். நான் தயாரித்த மூன்று சரக்குகளையும், உப்புக் கரைசலையும் அவரே வாங்கி, ஏ, பி, சி, டி என்று எழுதிய குப்பிகளில் மாற்றினார். எது எது என்று ஒரு சீட்டில் குறித்து, மடித்துத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். மூன்று தனித்தனித் தடவை சோதனை. மூன்றும் முடியும்வரை சீட்டு வெளியே வராது.

முதல் தடவை பியைச் சுற்றி வட்டம் விழுந்தது. பி என்ன என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் தடவையும் பி. நான் சரியாகச் சாப்பிடவில்லை. நசீர் சமோசாவைக் கையில் திணித்துவிட்டு, "துவா பண்ணிட்டிருக்கேன், நீ தின்னு," என்றான்.

மூன்றாம் நாள் காலை. தட்டை மேடமே எடுத்து ஜன்னல் பக்கம் போனார். பி மறுபடியும் தெளிவாக, அழுத்தமாக. சியில் கண்ணை இடுக்கிப் பார்த்தால் மெல்லிய ஒரு வளையம். ஏயிலும் டியிலும் ஒன்றுமில்லை.

கைப்பையைத் திறந்தார். சீட்டைத் தேடினார். பேனா, மாத்திரை, வீட்டுச் சாவி எல்லாம் வந்தன. சீட்டு வரவில்லை. நான் செத்தேன் என்று நினைத்தபோது அது கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து வந்தது.

"ஏ, தை, பூத்தது. டி, வெறும் உப்பு. சி, சித்திரை, நல்ல தண்ணி ஓரம்." நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "பி, சித்திரை, பாத்திக் கரை, சிவப்பு."

நசீர் போட்ட கூச்சலில் பக்கத்து லேபிலிருந்து ஆள் வந்தார்கள். நான் கத்தவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மேடம் என் தலையில் கை வைத்து, "மஞ்சள விட்டுடலாம்," என்றார்.

மருந்தாகிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. கண்ணாடித் தட்டில் கிருமி சாவதற்கும் மனிதர் உடம்பில் புண் ஆறுவதற்கும் நடுவே நெடுந்தூரம் இருக்கிறது. அந்த நீல ஒளிக்குள் இருப்பது ஒரு பொருளா, நாலைந்து சேர்ந்ததா என்பதையே இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அன்று காலை எனக்கு அதெல்லாம் கவலையில்லை. இருக்கிறது! உண்மையிலேயே இருக்கிறது! மறுபடி தேடினால் மறுபடி கிடைக்கிறது!

வராந்தாவுக்கு வந்து லூர்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, வந்துடுச்சுக்கா!"

"யாரு வந்தா?"

"ரிசல்ட்டுக்கா! நீங்க பறிச்சதுல இருக்குது. மூணு தடவையும் வந்துடுச்சு!"

"அப்படியா? நல்லது, நல்லது. பாஸா?"

"பாஸ்தான்க்கா."

"சரி, அதுல மட்டும் இருக்குது, தை மாசத்துல இல்லன்றியே, ஏன்? வெவரமா சொல்லு, வேலைய வுட்டுட்டு நின்னு கேக்கறேன்."

சொன்னேன். வெயில், தண்ணீர்ப் பஞ்சம், சுற்றிலும் உப்பு. தாங்க முடியாத அளவுக்குப் போகும்போது அதைத் தாங்குவதற்காகச் செடி தனக்குள்ளேயே இதை ஊறவைத்துக்கொள்கிறது என்று எனக்குத் தெரிந்த எளிய தமிழில் சொன்னேன். குரலில் சந்தோஷம் பொங்கி வழிந்தது. மறுமுனையில் தண்ணீர்ச் சத்தமும் பெண்கள் பேசும் சத்தமும் கேட்டன.

"அப்ப வெயில்லயும் உப்புலயும் நின்னா மருந்து ஊறுதுன்ற," என்றார் லூர்து.

"ஆமாங்க்கா."

"நானுந்தான் பதினஞ்சு வருஷமா நிக்கறேன். என் ரத்தத்தையும் ஒரு சொட்டு எடுத்துக்கினு போய்ப் பாரேன். இன்னா ஊறியிருக்குதுன்னு தெரியட்டும்."

சொல்லிவிட்டு அவர் பெரிதாகச் சிரித்தார். நானும் கூடவே சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

"பாக்கணும்க்கா," என்றேன். "அதையும் யாராவது பாக்கணும்."